பனிச்சறுக்கா, மலைச் சைக்கிளா? வான்கூவரில் முதலில் எதைத் தொடங்கலாம்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ வான்கூவருக்கு வந்து, முதல் மழைக்காலத்தை வீட்டுக்குள்ளேயே கழித்தவர்கள் அடுத்த அக்டோபரில் இந்தக் கேள்வியோடு வருவார்கள். நகரத்துக்கு வடக்கே சைப்ரஸ், கிரவுஸ், செமூர் என்று மூன்று மலைகள். குளிர்காலத்தில் மூன்றிலும் பனிச்சறுக்கு உண்டு. அதே மலைச்சரிவுகளில், கொஞ்சம் கீழே, காட்டுக்குள் சைக்கிள் பாதைகள் ஏராளமாக ஓடுகின்றன. இன்னும் ஒன்றரை மணி நேரம் வடக்கே காரில் போனால் விஸ்லர். அங்கே 1966 முதல் பனிச்சறுக்கு நடக்கிறது. 1999 முதல் கோடையில் லிஃப்ட்டில் சைக்கிளை ஏற்றிப் போய் மேலிருந்து ஓட்டி இறங்கும் பைக் பார்க்கும் நடக்கிறது. இரண்டையும் ஒரே வருடத்தில் ஆரம்பிக்கப் பணமும் நேரமும் எல்லோருக்கும் இருக்காது. எதை முதலில் எடுப்பது?

நான் இரண்டையும் செய்கிறேன். இரண்டிலும் கிடைக்கும் சந்தோஷத்துக்குக் குறையே இல்லை. அதனால் சந்தோஷத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. எந்தத் தொல்லையை உங்களால் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்ள முடியும் என்று பாருங்கள். பனிச்சறுக்கின் தொல்லை பெரும்பாலும் மலைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும்: துணி, டயர், டிக்கெட், சாலை, வரிசை. சைக்கிளின் தொல்லை வீடு திரும்பிய பிறகுதான் தொடங்கும்: கழுவுதல், எண்ணெய் போடுதல், பழுது பார்த்தல், பூட்டி வைத்தல். இந்த இரண்டில் உங்கள் சுபாவத்துக்கு எது ஒத்துவரும் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது.

மீதிப் பாதிக்கு நான் பார்ப்பவை இவை: வெளியே தெரியும் செலவும் தெரியாத செலவும், பெரியவர்கள் கற்றுக்கொள்ள ஆகும் பாடு, வருடத்தில் எத்தனை மாதம் கைகொடுக்கும், அடிபட்டால் என்ன ஆகும், குடும்பத்தோடு போக முடியுமா. பனிச்சறுக்கு என்று நான் சொல்வது லிஃப்ட்டில் ஏறிச் சரிவில் இறங்குவதை. சைக்கிள் என்பது முக்கியமாக மிதித்து ஏறிக் காட்டுப் பாதையில் இறங்குவது. பைக் பார்க்கைத் தனியாகச் சொல்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | பனிச்சறுக்கு | மலைச் சைக்கிள் |
|---|---|---|
| காலம் | உள்ளூர் மலைகளில் டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. விஸ்லரில் நவம்பர் கடைசி முதல் மே வரை | தாழ்வான பாதைகளில் வருடம் முழுக்க. பைக் பார்க் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை |
| ஒரு நாள் கட்டணம் | உள்ளூரில் சுமார் 70–100 டாலர். விஸ்லரில் விடுமுறை நாட்களில் 300 டாலர் பக்கம் | காட்டுப் பாதைகள் இலவசம். பைக் பார்க் 100 டாலர் பக்கம் |
| தொடக்கச் செலவு | வாடகையில் தொடங்கினால் குறைவு | நல்ல சைக்கிளுக்கு 1,000 டாலருக்கு மேல் |
| வழக்கமாக அடிபடும் இடம் | முழங்கால் ஜவ்வு | மணிக்கட்டு, காலர் எலும்பு |

கட்டணங்கள் எல்லாம் கனடிய டாலரில், தோராயமாக. வருடா வருடம் ஏறும்.

## செலவு

பனிச்சறுக்கில் காசு சொட்டுச் சொட்டாகப் போகும். சறுக்குப் பலகை, பூட்ஸ், கைக்கோல் எல்லாம் வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்கு 50 முதல் 70 டாலர். டிக்கெட்டை மலையடிவாரத்தில் நின்று வாங்கினால் அதிகம், முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் குறைவு. விஸ்லரில் இந்த வித்தியாசம் பெரிது. கனடாவில் வசிப்பவர்களுக்கு எட்ஜ் கார்டு என்று சில நாட்களைச் சேர்த்து விற்பார்கள். இலையுதிர் காலத்திலேயே அதை வாங்கி வைத்தவருக்கும், டிசம்பர் விடுமுறையில் கவுண்டரில் நிற்பவருக்கும் ஒரே லிஃப்ட், ஒரே பனி. கட்டணம் மட்டும் எங்கேயோ இருக்கும்.

வெளியே தெரியாத செலவு காரில் இருக்கிறது. விஸ்லர் போகும் 99ஆம் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம். செமூர், சைப்ரஸ் மலைச்சாலைகளுக்கும் அதே கதைதான். நல்ல டயர் நான்கு போட்டால் 1,000 டாலர் பக்கம் ஆகிவிடும். அடுத்தது துணி. இங்கே கடலோரப் பனி ஈரமானது. வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும், அடிவாரத்தில் மழை பெய்துகொண்டே இருக்கும். பஞ்சு வைத்த மலிவு ஜாக்கெட் இரண்டு மணி நேரத்தில் ஊறிவிடும். தண்ணீர் புகாத மேலாடையிலும் கையுறையிலும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே பருத்தி பனியன் கூடாது. ஈரமானால் அது காயவே காயாது.

சைக்கிளில் காசு ஒரே அடியாகப் போகும். முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கும் ஷாக் உள்ள சைக்கிள் 1,000 முதல் 1,500 டாலர். பின்பக்கமும் ஷாக் வேண்டுமென்றால் 2,500க்கு மேல். மின்சார உதவி உள்ளது இதைப்போல இரண்டு மடங்கு. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை போகும்போதும் கட்டணம் கிடையாது. இந்த மூன்று மலைகளும் இருக்கும் நார்த் ஷோர் பகுதியின் பாதைகளை 1997இல் தொடங்கிய நார்த் ஷோர் மவுண்டன் பைக் அசோசியேஷனின் தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்துப் பராமரிக்கிறார்கள். அடிக்கடி ஓட்டுகிறவர்கள் அதில் உறுப்பினராகச் சேர்வதுதான் முறை. பாதை வேலை நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் வழிய ஒரு கால்வாய் வெட்ட எத்தனை பேர் எத்தனை மணி நேரம் குனிந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டால், அப்புறம் சேற்றில் பிரேக்கைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்க மனசு வராது.

சைக்கிளின் மறைமுகச் செலவுகளில் பெரியது திருட்டு. அடுக்குமாடி வீடுகளின் சைக்கிள் அறை பாதுகாப்பான இடமே கிடையாது. பூட்டை அறுத்து மொத்தமாக அள்ளிப் போவார்கள். வீட்டுக்குள் வைக்க இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். காருக்குப் பின்னால் மாட்டும் ரேக் இன்னொரு 500 டாலரையாவது கேட்கும். சறுக்குப் பலகையை கார் சீட்டை மடக்கி உள்ளேயே வைத்துவிடலாம்.

## கற்றுக்கொள்ள ஆகும் பாடு

பனிச்சறுக்கின் முதல் மூன்று நாட்கள் பெரியவர்களுக்குக் கஷ்டம்தான். பூட்ஸில் காலை நுழைப்பதே ஒரு வேலை. கணுக்கால் மடங்காது, நான்கு கொக்கி, நடந்தால் குதிகாலில் தட்டுத் தட்டு என்று சத்தம். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடி சாக்ஸ் போடாதீர்கள். மெல்லிய நீளமான சாக்ஸ் ஒன்று போதும். நிமிர்ந்து நின்றால் கால்விரல் நுனி முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் அது பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. தொளதொளவென்று இருக்கும் பூட்ஸ் வசதியாகத் தோன்றும், ஆனால் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது.

முதல் நாள் முழுக்க மேஜிக் கார்ப்பெட் என்கிற நகரும் பட்டையில் ஏறி, ஐம்பது அடி இறங்கி, மறுபடி ஏறுவதுதான். பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டினால் வேகம் குறையும். குழந்தைகளுக்கு அதைப் பீட்சா என்று சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டையும் இணையாக வைத்தால் ஃபிரெஞ்சு ஃப்ரை. ஐந்து வயதுக் குழந்தை ஒரு காலையில் இதைப் பிடித்துக்கொள்ளும். முப்பத்தைந்து வயதில் உடம்பு பயந்து பின்னால் சாயும். பின்னால் சாய்ந்தால் பலகை இன்னும் வேகமாக ஓடும். பயத்துக்கு எதிராகச் சரிவை நோக்கி முன்னே சாய வேண்டும் என்று உடம்புக்குப் புரிய வைக்கத்தான் பயிற்சி ஆசிரியர் தேவை. நண்பர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று போகாதீர்கள். நண்பர் உங்களை நேராக மேலே கூட்டிப்போய்விடுவார். டிக்கெட், வாடகை, பாடம் மூன்றும் சேர்ந்த தொடக்கநிலைப் பொதிகளை உள்ளூர் மலைகளில் விற்கிறார்கள். அதை எடுங்கள்.

ஆனால் அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் முன்னேற்றம் மளமளவென்று வரும். ஒரு திருப்பத்தை அடுத்த திருப்பத்தோடு கோத்து இறங்கும் முதல் நாள் இருக்கிறதே, அதற்காக மழையில் நனைந்ததெல்லாம் மறந்துபோகும்.

சைக்கிள் இதற்கு எதிர்ப்பக்கம். ஊரில் சைக்கிள் ஓட்டியவர்கள் பச்சைக் குறி போட்ட எளிய பாதையில் முதல் நாளே இறங்கிவிடலாம். நார்த் ஷோரிலேயே இருக்கும் ஃப்ரோம் மலையின் பாப்ஸ்லெட் அப்படி ஒரு பாதை. வளைவுகள் எல்லாம் கிண்ணம்போல் சரித்துக் கட்டப்பட்டவை. கஷ்டம் ஏற்றத்தில். மூச்சு வாங்கும், தொடை எரியும், இரண்டு மாதமாவது தொடர்ந்து போனால்தான் ஏற்றம் பிடிபடும்.

நம் ஊரில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம் சைக்கிளில் வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. கனடாவில் இது தலைகீழ். இங்கே டிஸ்க் பிரேக். ஒரு விரல் போதும், அவ்வளவு பிடிக்கும். செங்குத்தான இடத்தில் பதற்றத்தில் கை பழைய பழக்கப்படி இடது பிரேக்கை அமுக்கும், முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே பறப்பார். வாங்கும்போதே கடையில் சொன்னால் பிரேக் குழாய்களை மாற்றிப் போட்டுத் தருவார்கள். வாடகைச் சைக்கிளில் அப்படிக் கேட்க முடியாது. அதனால் கிளம்பும் முன் வாகனம் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் சுற்றிக் கையைப் பழக்குங்கள்.

இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். நாம் சீட்டில் உட்கார்ந்தே ஓட்டியவர்கள். இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, எழுந்து நின்று ஓட்ட வேண்டும். கண் சக்கரத்தைப் பார்க்கக்கூடாது, பத்தடி தள்ளிப் பார்க்க வேண்டும். நனைந்த தேவதாரு வேர் சோப்பு தேய்த்த தரை மாதிரி வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், குறுக்கே நேராகக் கடக்க வேண்டும். இந்த மூன்றும் கைவந்தால் அடுத்த நிலையான நீலக் குறிப் பாதைகள் திறந்துகொள்ளும். விஸ்லர் போகும் வழியிலுள்ள ஸ்க்வாமிஷில் ஹாஃப் நெல்சன் என்று ஒரு நீலப் பாதை இருக்கிறது. பிரேக்கையே தொடாமல் ஒரு வளைவின் வேகம் அடுத்த மேட்டுக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். நான் யாரையாவது சைக்கிளுக்கு இழுக்க வேண்டுமென்றால் அங்கேதான் கூட்டிப்போவேன்.

விஸ்லர் பைக் பார்க்கில் போய் முதல் நாளைத் தொடங்காதீர்கள். லிஃப்ட் ஏற்றிவிடுவதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் ஏற்றத்தில் களைத்து ஓய்வெடுக்கும் நேரம் அங்கே இல்லை. இறக்கம், இறக்கம், மறுபடி இறக்கம். மதியத்துக்குள் விரல்கள் பிரேக்கைப் பிடிக்க மறுக்கும், அப்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். ஒரு கோடை காட்டுப் பாதையில் ஓட்டிவிட்டுப் போனால் அதே இடம் சொர்க்கம்.

## காலமும் வானிலையும்

பனிச்சறுக்கு பனியை நம்பிய விளையாட்டு. உள்ளூர் மலைகள் கடலுக்குப் பக்கத்தில், அதிக உயரமில்லாதவை. உறைநிலைக் கோடு கொஞ்சம் மேலே ஏறினாலும் பனி மழையாகிவிடும். 2014–15 குளிர்காலத்தில் நார்த் ஷோரில் பனி கிட்டத்தட்ட வரவே இல்லை. சீசன் பாஸ் வாங்கும்போது இதை மனத்தில் வையுங்கள். விஸ்லர் கிராமம் கடல் மட்டத்திலிருந்து 675 மீட்டர், சிகரம் 2,182 மீட்டர். அதனால் அங்கே கீழே மழை கொட்டினாலும் மேலே பனி நிற்கும். இந்த உயர வித்தியாசத்துக்குத்தான் அவ்வளவு காசு.

உள்ளூர் மலைகளின் பெரிய வரம் இரவுச் சறுக்கு. டிசம்பரில் நான்கேகாலுக்கே சூரியன் போய்விடும். வேலை முடித்து, விளக்கு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் இறங்கிவிட்டு, பத்து மணிக்கு வீட்டில் சாப்பிடலாம். கார் இல்லாதவர்கள் வாட்டர்ஃபிரண்ட்டில் சீபஸ் படகு பிடித்து, லான்ஸ்டேல் கீயில் 236ஆம் எண் பேருந்து ஏறினால் கிரவுஸ் அடிவாரத்தில் இறங்கலாம்.

சைக்கிளுக்குக் காலக் கெடுபிடி குறைவு. ஜூனில் ஒன்பதுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். குளிர்காலத்திலும் தாழ்வான பாதைகளில் மழையோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. கோடையில் தொல்லை காட்டுத்தீப் புகை. 2018இலும் 2020இலும் புகை நகரத்தையே மூடியது. அப்படிப்பட்ட நாட்களில் மூச்சிரைக்க மலையேறுவது புத்திசாலித்தனம் ஆகாது.

## அடிபட்டால்

பனிச்சறுக்கில் பலகை ஒரு பக்கம் திரும்ப, உடம்பு இன்னொரு பக்கம் போனால் முழங்கால் ஜவ்வு கிழியும். அதைத் தவிர்க்கத்தான் பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் குறிப்பிட்ட விசையில் பூட்ஸை விட்டுவிடுமாறு அமைக்கப்படுகிறது. வாடகைக் கடையில் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாம் கேட்பது அதற்காகத்தான். எடையைக் குறைத்தோ அனுபவத்தைக் கூட்டியோ சொல்லாதீர்கள். புதுப் பனி ஆழமாகக் கிடக்கும் நாளில் மரத்தடிப் பக்கம் போகக்கூடாது. கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. கயிறு கட்டிய எல்லையைத் தாண்டினால் பனிச்சரிவு அபாயம். அது தனிப் படிப்பு.

சைக்கிளில் கையை ஊன்றி விழுவோம். மணிக்கட்டு, காலர் எலும்பு இரண்டும் அதனால்தான் உடைகின்றன. முழங்கால் கவசம், கையுறை, நல்ல ஹெல்மெட் கட்டாயம். பைக் பார்க்கில் முகம் மூடும் ஹெல்மெட். என் கணக்கில், பனிச்சறுக்கில் பெரிய அடி எப்போதாவது வரும். சைக்கிளில் சின்ன அடி அடிக்கடி வரும்.

புதிதாகக் குடியேறியவர்கள் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள். மாகாண மருத்துவக் காப்பீடான எம்எஸ்பி, வந்த மாதத்தின் மீதிக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் கிடைக்காது. அதுவரை தனியார் காப்பீடு இல்லாமல் மலைப்பக்கம் போகாதீர்கள். எம்எஸ்பி வந்த பிறகும் ஆம்புலன்ஸுக்கு 80 டாலர் பில் வரும். அதைவிட, மாதக்கணக்கில் ஓடும் பிசியோதெரபி பெரும்பாலானோருக்குக் கைக்காசுதான். அலுவலகக் காப்பீட்டில் அதற்கு எவ்வளவு இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

## வீடு திரும்பிய பிறகு

பனிச்சறுக்குக்கு இங்கே வேலை குறைவு. பூட்ஸின் உள்ளுறையை எடுத்துக் காய வைக்க வேண்டும், பலகை ஓரத்தின் இரும்பைத் துடைக்க வேண்டும். சீசனில் சில முறை கடையில் மெழுகு போட்டு ஓரம் தீட்டினால் சரி.

சைக்கிள் அப்படி விடாது. ஒவ்வொரு ஈரமான நாளுக்குப் பிறகும் சேறு கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிரேக் கத்தும், பிடிக்காது. ட்யூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் திரவம் சில மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை ஏறக்குறைய 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்வார்கள். நார்த் ஷோர் சேற்றில் பிரேக் பேட் ஒரு குளிர்காலத்தைத் தாண்டாது. எல்லாவற்றையும் கடையில் கொடுத்தால் வருடத்துக்குச் சில நூறு டாலர் சுலபமாகப் போகும். நீங்களே செய்தால் ஞாயிற்றுக்கிழமை மாலை போகும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஸ்பேனரைத் தொடவே பிடிக்காதவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## யாருக்கு எது

பள்ளிக்குப் போகும் குழந்தைகள் இருந்தால் பனிச்சறுக்கு. செலவு கூடத்தான். நான்கு பேருக்கு டிக்கெட் என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் அப்பா மெதுவாக, மகள் வேகமாக இறங்கினாலும் லிஃப்ட் நாற்காலியில் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டே ஏறலாம். சைக்கிளில் ஏற்றத்திலேயே குடும்பம் பிரிந்துவிடும். குழந்தைகளுக்குச் சாமானை சீசன் முழுக்க வாடகைக்கு எடுங்கள். வாங்கினால் அடுத்த வருடம் பூட்ஸ் பத்தாது.

தனியாளாக இருக்கிறீர்கள், வார நாளில் மாலை மட்டும்தான் நேரம், ஓரளவு உடற்பயிற்சியும் வேண்டும் என்றால் சைக்கிள். வீட்டுக்குள் வைக்க இடமும் கையழுக்காக்கும் பொறுமையும் இருக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் ஊர் மாறிவிடுவோம் என்றிருப்பவர்கள் எதையும் வாங்காமல் வாடகையில் பனிச்சறுக்குப் பழகுங்கள். முழங்காலில் பழைய கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மென்மையான சைக்கிள் பாதைகளுக்குப் போகலாம்.

உயரத்தைக் கண்டாலே பயம், கூட்டமும் பிடிக்காது என்றால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: சமதளப் பனிநடைச் சறுக்கு. சைப்ரஸிலும் விஸ்லரின் லாஸ்ட் லேக்கிலும் அதற்குத் தடம் போட்டிருப்பார்கள். கட்டணமும் வாடகையும் குறைவு. அந்த லாஸ்ட் லேக் பாதைகளிலேயே கோடையில் சைக்கிளும் ஓட்டலாம்.

## எப்போது வாங்குவது

சறுக்குச் சாமான் மார்ச், ஏப்ரலில் மலியும். அக்டோபர், நவம்பரில் பழைய சாமான் விற்கும் ஸ்கீ ஸ்வாப் சந்தைகளும் நடக்கும். அங்கே பலகை வாங்கலாம், பூட்ஸ் மட்டும் காலை அளந்து கடையில் வாங்குங்கள். புது சைக்கிளுக்கு இலையுதிர் காலத் தள்ளுபடிதான் நேரம். பழைய சைக்கிள் என்றால் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் கீறல் இருக்கிறதா, சட்டகத்தின் ஒட்டு வைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணை, சைக்கிள்களைப் பதிவு செய்யும் 529 கராஜ் இணையதளத்தில் தட்டி, திருட்டுப் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள். வாங்கிய அன்றே அதே தளத்தில் உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள்.